படைத்ததா? – ஜனவரி மாத நாட்குறிப்பு

ஜனவரி 15, வியாழன்

எதிர்வீட்டு அம்மாள் எவர்சில்வர் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். மேலாக நெய்யில் வறுத்த முந்திரி. பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை தூக்கல், எனக்குப் பிடித்த அளவு. பேத்தியைப் பார்க்கச் சம்பந்தியம்மாள் வந்திருந்தார். பெந்தெகொஸ்தே சபை: வெள்ளைச் சேலை, காதிலும் கழுத்திலும் பொட்டு நகை கிடையாது. நான் தூக்கை வாங்குவதற்குள் அவர், "படைத்ததா?" என்று கேட்டுவிட்டார். "சூரியனுக்குப் படைத்துவிட்டுத்தான் எல்லாருக்கும் கொடுக்கிறேன்" என்றார் அந்த அம்மாள், வெள்ளந்தியாக.

சம்பந்தியம்மாள் சிரித்த முகத்தோடு கரும்பை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் பொங்கலைச் சாப்பிட்டேன்.

ஜனவரி 16, வெள்ளி

இரவு முழுக்க அந்த "படைத்ததா" மனதில் ஓடியது. காலையில் வேதாகமத்தில் கொரிந்தியர் நிருபத்தை எடுத்தேன், விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றி அப்போஸ்தலர் பவுல் எழுதிய பகுதியை. கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடு, மனச்சாட்சியின் பெயரால் விசாரித்துக்கொண்டிருக்காதே என்கிறார் பவுல். விருந்துக்குப் போனாலும் அப்படியே. ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொல்லிவிட்டால், சொன்னவனை முன்னிட்டுச் சாப்பிடாதே என்றும் அவரே சொல்கிறார். ஆக, விசாரித்ததில் சம்பந்தியம்மாள் பக்கம் வசனம் இல்லை. விசாரித்தபின் சாப்பிடாததில் இருக்கிறது. என் பக்கம்? அந்த அம்மாள் சொன்னது என் காதிலும் விழுந்ததே. இதற்கு மேல் நான் ஆராயப்போவதில்லை.

அதே பவுலின் ரோமர் நிருபம், 14ஆம் அதிகாரம் இன்னும் சங்கடம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவனை விசுவாசத்தில் பலவீனன் என்கிறது. சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. சரிதான். எங்கள் வீட்டில் பலவீனர் யார்? சம்பந்தியம்மாள் என்று நான் நினைக்கிறேன். நான் என்று அவர் நினைத்து எனக்காக ஜெபித்துக்கொண்டிருப்பார், சந்தேகமே வேண்டாம்.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று முதல் 25 வரை கிறிஸ்தவ ஐக்கியத்துக்கான ஜெப வாரம். ஆயர் பிரசங்கத்தில் "ஒருமனம்" என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. ஒருமனம் எப்படி வந்தது என்ற கதையைச் சொல்லியிருக்கலாம். வெகுதூரம் போக வேண்டியதில்லை, ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் தூய ஜார்ஜ் பேராலயம் இருக்கிறதே. 1947 செப்டம்பர் 27 அன்று அங்கேதான் தென்னிந்திய திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் 1908இல் ஏற்கெனவே சேர்ந்து அமைத்திருந்த ஐக்கிய சபையும் ஒன்றாயின. 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேச்சைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் பேராயர் அசரியா. 1945 புத்தாண்டு தினத்தில் அவர் காலமானார், இணைப்பைப் பார்க்கவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் எதைப் பேசினார்கள்? பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத ஆயரும் ஆயர்தானா என்பதுதான் பெரிய முடிச்சு. அதை அவர்கள் அவிழ்க்கவில்லை, அதோடு வாழ வழி செய்தார்கள். இருக்கிற ஆயர்களை அப்படியே ஏற்பது, இனி வருகிறவர்களுக்குப் பேராயர் கைவைப்பது. அதோடு ஓர் உறுதிமொழி: ஒரு சபை மனச்சாட்சிப்படி மறுக்கிற ஆராதனை முறையையோ ஊழியரையோ அதன்மேல் திணிப்பதில்லை. எனக்கு இது பெரிய சாமர்த்தியமாகப் படுகிறது. அப்படியும் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் பலர் வெளியிலேயே நின்றார்கள். லூத்தரன்கள் சேரவே இல்லை. புரசைவாக்கத்து அடைக்கலநாதர் ஆலயத்தார் இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறார்கள், நல்ல சிநேகமாகவும் இருக்கிறார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

பேத்திக்குக் காது குத்தும் பேச்சு. ரெபெக்காளுக்கு ஆபிரகாமின் ஊழியக்காரன் பொற்காதணி கொடுக்கவில்லையா என்றேன். "ஆரோன் கன்றுக்குட்டி செய்ததும் காதணியை உருக்கித்தானே" என்றார் சம்பந்தியம்மாள். வேதத்தில் அவரை மடக்க முடியாது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "அவள் வளர்ந்தபின் கேட்டால் குத்திக்கொள்ளட்டும்" என்று உள்ளே போய்விட்டாள். தாயின் தீர்ப்பு, அதற்கு அப்பீல் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

என் கணவருடைய பெரியப்பா மகன் வந்தார், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டு. எவ்வளவு தாராளமாகப் பேசுகிறார்! ரோமன் கத்தோலிக்கர் என்றாலும் சரியாம், லூத்தரன் என்றாலும் சரியாம், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த குடும்பம் என்றாலும் அவருக்குத் தடையில்லையாம். "நம் ஜனமாக மட்டும் இருக்க வேண்டும்."

அதாவது குழந்தை ஞானஸ்நானமா முழுக்கா, நற்கருணை அப்பம் கிறிஸ்துவின் திருவுடலா வெறும் அடையாளமா என்று நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் சிறைக்கும் சாவுக்கும் போன விஷயங்கள் எல்லாம் இவருக்குச் சில்லறை. ஜாதி மட்டும் நோட்டு. நான் அதைக் கேட்டேவிட்டேன். "அது என் மனச்சாட்சி. ரோமர் 14 வாசித்ததில்லையா?" என்றார்.

அடுக்களையிலிருந்து சம்பந்தியம்மாளின் குரல்: "அது ரோமர் பதினாலில் வராது, ஐயா. கலாத்தியர் இரண்டில் வரும்."

கையில் குழந்தையின் பால்புட்டியோடு வந்து நின்று சொன்னார். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார். பர்னபாவும் அவரோடு இழுபட்டுப் போனார். சைவமா அசைவமா என்பதில் அத்தனை இடம் கொடுத்த அதே பவுல், இதில் ஒரு விரற்கடை கொடுக்கவில்லை. இலையில் விழுவது அவரவர் பாடு. பக்கத்து இலையில் யார் என்பது அப்படி இல்லை.

பொங்கலைத் தொடாதவர் பேசினார், தொட்டவள் ஆமோதித்தேன்.

ஜனவரி 24, சனி

நேற்று வந்த அண்ணன் காலையிலேயே என் கணவரைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு கிழவிகளும் சேர்ந்து எல்லார் முன்னிலையிலும் தன்னை அவமானப்படுத்திவிட்டதாகப் புலம்பியிருக்கிறார். தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று இவரும் இழுத்தார். பேதுருவையும் எல்லாருக்கும் முன்பாகத்தான் பவுல் கேட்டார் என்றேன். இவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.