பாதித் தோப்புக்கரணம்

கோலாலம்பூர் செந்தூல் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பதினொரு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் பேட் மேல்தான் ஆசை. முதல் நாளே பேட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். தரையோடு உருண்டு வரும் பந்தை எடுக்க ஆசைப்பட்டு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் சின்ன வயதுக்காரர்களின் ஆட்டத்தில் வெற்றி தோல்வி பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆடும் திடலில் ஒரு பேஸுக்கும், அதாவது ஓடிப் போய்த் தொட வேண்டிய இடத்துக்கும், அடுத்த பேஸுக்கும் நடுவே 18 மீட்டர் சொச்சம்தான். பெரியவர்களுக்கு 27 மீட்டர் சொச்சம். பந்து ஒரு தடவை கையிலிருந்து நழுவினாலே போதும், பந்தை அடித்துவிட்டு ஓடுகிறவன் போய்ச் சேர்ந்துவிடுவான்.

முதல் வருடம் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் பந்து வேகமாகத்தான் வரும், பயிற்சியிலும் அப்படியே வரட்டும் என்று நினைத்து, இருபது இருபத்தைந்து மீட்டர் தள்ளி நின்று பேட்டால் ஓங்கி அடிப்பேன். பையன்கள் முகத்தைத் திருப்பினால், "பயப்படாதே, பந்தைப் பார்!" என்று கத்துவேன். ஒருநாள், புதுமுக வகுப்பில் (முதலாம் படிவத்துக்கு முந்தைய வகுப்பு) இருந்த ஒரு பையன், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, என் பந்துக்காகக் காத்து நின்றான். பந்து ஒரு புல்முடிச்சில் பட்டு எகிறியது. அவன் தலையைத் திருப்பினான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

மறுநாள் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். சண்டை போடுவார் என்றுதான் நினைத்தேன். "டீச்சர், அவனுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் புடிச்சிருக்கு. பந்து வர்றப்பதான் பயமா இருக்காம்" என்றார். அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பயப்படாதே என்று சொல்வதைத் தவிர, பயப்படாமல் இருக்க ஒரு வழியும் நான் அவனுக்குக் காட்டவில்லை. பேஸ்பால் பந்து ஏறத்தாழ 145 கிராம் எடை. நூலை இறுக்கிச் சுற்றி, மேலே தோல் போர்த்தி, 108 இரட்டைத் தையல் போட்ட பந்து. அது முகத்துக்கு நேரே வரும்போது பயப்படுகிற பிள்ளைக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அவன் மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரமும் நான் பேட்டைத் தொடவில்லை. திடலில் உட்கார்ந்து பந்தைக் கையால் உருட்டி உருட்டிப் பார்த்தேன். அது எங்கே எழுகிறது, எங்கே தாழ்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது புரிந்ததைத்தான் இன்றுவரை சொல்லிக் கொடுக்கிறேன். துள்ளி வரும் பந்தை எடுக்க இரண்டு நல்ல இடம் உண்டு, ஒரு கெட்ட இடம் உண்டு. தரையில் பட்டவுடனே, ஒரு சாண் எழுவதற்குள் எடுத்தால் நல்லது. கிளவ், அதாவது பந்து பிடிக்கும் தோல் கையுறை, அங்கே காத்திருந்தால் பந்து தானே வந்து உள்ளே விழும். துள்ளல் உச்சிக்குப் போய் இறங்கும்போது எடுப்பதும் நல்லது, கண்ணுக்கு நேரம் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுப்பதுதான் கெட்ட இடம். கையை மேலிருந்து வைப்பதா கீழிருந்து வைப்பதா என்று முடிவெடுப்பதற்குள் பந்து வந்துவிடும். உதடு கிழிவதும் கன்னம் வீங்குவதும் அங்கேதான்.

பந்தின் துள்ளலை யாராலும் மாற்ற முடியாது. நம் காலை மாற்றலாம். ஓரடி முன்னே போனால் கெட்ட துள்ளல் நல்ல துள்ளல் ஆகிவிடும். சில சமயம் ஓரடி பின்னே போவதும் சரிதான். பயந்த பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும். நிற்கிற பிள்ளைக்கு எந்தத் துள்ளல் அமைகிறதோ அதுதான். அதனால்தான் அடி படுகிறது, அடி பட்டதால் இன்னும் பயம். இந்தச் சுற்றை உடைக்க ஒரே வழி காலை முன்னே வைக்கப் பழக்குவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குப் பந்து முதலில் மெதுவாக வர வேண்டும்.

இப்போது முதல் இரண்டு வாரம் டென்னிஸ் பந்துதான். இரண்டு இரண்டு பேராக மூன்று மீட்டர் தள்ளி எதிரெதிரே மண்டியிட்டு, வெறுங்கையால் உருட்டி எடுக்க வேண்டும். அடுத்தது ஜப்பான் சிலிப்பர். பழைய ரப்பர் செருப்பின் வாரை அறுத்துவிட்டு, அட்டையை மட்டும் இடது உள்ளங்கையில் தலைமுடி ரப்பரால் கட்டிவிடுவேன். தட்டையான அட்டையில் பந்து தங்காது. வலது கை வந்து மூடினால்தான் நிற்கும். இரண்டு கையாலும் எடு என்று நூறு தடவை கத்தியும் நடக்காதது அந்தச் செருப்பட்டையால் ஒரே மாலையில் நடந்துவிடும்.

அப்புறம் உட்காருவது. பிள்ளைகள் இடுப்பை மட்டும் வளைத்துக் குனிவார்கள், முழங்கால் விறைப்பாக நிற்கும். அப்படிக் குனிந்தால் தலை கவிழ்ந்துவிடும், கண் பந்தைப் பார்க்காது. "பிள்ளையார் முன்னாடி தோப்புக்கரணம் போடுவீங்கல்ல, அதுல பாதி" என்று ஒருநாள் சொன்னேன். நம் பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது. பாதங்கள் தோளைவிட அகலம், இடது கால் அரையடி முன்னே, முழங்கால் மடங்கி, பின்புறம் தாழ்ந்து, முதுகு கிட்டத்தட்ட தரைக்கு இணையாக. கிளவின் விரல் நுனி தரையைத் தொட வேண்டும், முறத்தைச் சாய்த்து வைத்த மாதிரி. இப்போது எங்கள் அணியின் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும்கூட ஒருவருக்கொருவர் "தோப்பு! தோப்பு!" என்றுதான் சத்தம் போடுகிறார்கள்.

கிளவ் ஏன் தரையில் தொடங்க வேண்டும்? கீழே இருக்கும் கை, பந்து எழும்போது கூடவே எழலாம். மேலே இருக்கும் கை கீழே இறங்குவதற்குள் பந்து காலுக்கடியில் போய்விடும். இதை எனக்கு முதலில் சொன்னவர் அப்பா, அதுவும் ஹாக்கிக்காக. அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். 1975இல் உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்து மலேசியா நான்காம் இடம் பிடித்ததைச் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார். செயற்கைத் தரை ஒலிம்பிக் ஹாக்கிக்கு வந்தது 1976இல் மாண்ட்ரியலில்தான். அதுவரை மேடும் பள்ளமுமான புல்லில்தான் ஆட்டம். "மட்டைய நிமித்திப் புடிச்சா பந்து உன்னக் கேட்டுக்கிட்டா போகும்? படுக்க வை" என்பார். வீட்டு முன்னால் எனக்குப் பந்தைத் தள்ளிவிடும்போது அவர் பனியனெல்லாம் நனைந்திருக்கும். திடலில் முதல் முறை கிளவைத் தரையில் வைத்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

திடலையும் பார்க்கத் தெரிய வேண்டும். நான்கு மணி மழை விட்ட பிறகு ஈரப் புல்லில் பந்து எழாமல் வழுக்கிக்கொண்டு வரும். மழையில்லாத வாரத்தில் செம்மண் இறுகி, அதே பந்து மார்பு உயரத்துக்கு எகிறும். பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் ஆளுக்கொரு பந்தை உருட்டிப் பார்க்கச் சொல்கிறேன். எங்கே குழி, எங்கே புல்முடிச்சு என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜப்பானில் ஆயிரம் பந்து அடித்து எடுக்க வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் செய்யலாமே என்று கேட்ட பெற்றோர் இருக்கிறார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. களைத்துப்போன காலில் இருபத்தைந்தாவது பந்துக்கே முழங்கால் விறைத்துவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு பந்தும் தப்பான பழக்கத்தைத்தான் ஏற்றும். எட்டு எட்டாக எடுக்க விட்டு, நடுவில் தண்ணீர் குடிக்க அனுப்புகிறேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லாம் நின்றுபோனது. அடுக்குமாடி வீட்டில் இருந்த ஒரு பெண் பிள்ளை, சுவரில் பந்து அடித்தால் பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்கள் என்று, காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி நடைபாதையில் தம்பியை உருட்டச் சொல்லி எடுத்திருக்கிறாள். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவாள். நான் பந்தைப் பார்க்க மாட்டேன், பாதத்தை மட்டும் பார்த்து எழுதுவேன்: வலது, இடது, அள்ளு, வலது, இடது, எறி. திடலுக்குத் திரும்பி வந்தபோது அவளைப் போலக் கால் வைக்க அணியில் வேறு யாரும் இல்லை. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தை அவளுக்கே கொடுத்தேன்.

பந்தைக் கால் நடுவே விட்டுவிட்டு அழுகிற பிள்ளைகளுக்கு பில் பக்னர் கதையைச் சொல்வேன். 1986 அக்டோபர் 25, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். பாஸ்டன் அணியின் பக்னர் காலுக்கடியில் ஒரு சாதாரணத் தரைப்பந்து போய், நியூயார்க் மெட்ஸ் ஜெயித்தது. அவர் 2,700க்கும் மேல் ஹிட் (பந்தை அடித்து பேஸ் போய்ச் சேர்வது) அடித்தவர். அந்தப் பந்து வருவதற்கு முன்பே முன்னணி பறிபோய் ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பல வருடம் அந்த ஒரு பந்தையே பேசினார்கள். 2008 ஏப்ரலில் பாஸ்டன் திடலில் மரியாதைக்காக முதல் பந்தை எறிய அவரைக் கூப்பிட்டார்கள். கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "இருபத்திரண்டு வருஷமா டீச்சர்?" என்றுதான்.

உதடு கிழிந்த பையன் இப்போது படிப்பை முடித்து வேலைக்குப் போகிறான். சில சனிக்கிழமை மாலை வருவான். போன வாரம் திடலோரத்தில் மண்டியிட்டு, முதலாம் படிவப் பையன் ஒருவனுக்கு டென்னிஸ் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். "நிக்காதடா தம்பி, முன்னாடி வா, முன்னாடி வா." பையன் வந்தான், ஆனால் கிளவை மேலேயே வைத்திருந்தான். பந்து காலுக்கடியில் புகுந்து லோங்காங்கில், திடலோரச் சாக்கடையில், விழுந்தது. உருட்டியவன் எழுந்து போய், ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த வலையை எடுத்துப் பந்தைத் தூக்கி, கால்சட்டையில் துடைத்துவிட்டு, பழைய இடத்தைவிட ஒரு மீட்டர் கிட்டே போய் மறுபடி மண்டியிட்டான்.