அயோவாவில் ஒரு வாபஸ் காலம்

அயோவாவுக்குப் போகிறோம் என்றதும் ஊரில் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் பயமுறுத்தினார்கள். அரசியலைப் பற்றி ஒருவரும் எச்சரிக்கவில்லை. 2019 கோடையில் வெஸ்ட் டெமாயினுக்குக் குடிவந்தபோது, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகிவிட வேண்டும் என்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த மாநிலத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி மாநிலம் மாநிலமாக நடத்தும் வாக்களிப்பில் முதலாவது இங்கேதான், 2020 பிப்ரவரி 3 அன்று. அதனால் காபி குடிக்கப் போன இடத்தில் யாராவது ஒரு செனட்டர் கைகுலுக்கிக்கொண்டு நிற்பார்.

எங்களுக்கு ஓட்டு கிடையாது. இவர் ஹெச்1பி என்ற வேலை விசா, நான் அவரைச் சார்ந்து வந்த ஹெச்4. ஓட்டை விடுங்கள், ஒரு டாலர் நன்கொடை கொடுப்பதே சட்டவிரோதம். மிச்சமிருந்தது வேடிக்கை பார்ப்பதும் பந்தயம் கட்டுவதும்தான். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக் விருந்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடினால் அதுதான் பேச்சு. யார் ஜெயிப்பார் என்று யாரும் பந்தயம் கட்டவில்லை. அவ்வளவு கூட்டத்தில் யாரைச் சொல்வது? அடுத்து யார் விலகுவார் என்பதுதான் பந்தயம். தோற்றவர் வீட்டில் அடுத்த பிரியாணி.

நம் ஊரில் வேட்புமனு வாபஸ் வாங்கக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. அது தாண்டிவிட்டால், தேறாது என்று தெரிந்தாலும் டெபாசிட் போகும்வரை நின்றுதான் ஆக வேண்டும். இங்கே அப்படி ஒரு நாள் இல்லை. ஒருத்தர்கூட ஓட்டுப் போடாதபோதே ஆட்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். ஜனங்கள் தோற்கடிப்பதற்கு முன்பே பணமும் காலண்டரும் தோற்கடித்துவிடுகின்றன. இது எனக்குப் புரியச் சில மாதம் ஆனது. புரிந்தபின் பந்தயத்தில் என் கை ஓங்கியது.

முதலில் பார்க்க வேண்டியது விவாத மேடை. ஜூனில் மயாமியில் நடந்த முதல் விவாதத்துக்கு இரண்டு இரவு தேவைப்பட்டது, இரவுக்குப் பத்துப் பேர். ஏற 65,000 நன்கொடையாளர்கள் போதும், அல்லது மூன்று கருத்துக்கணிப்பில் 1 சதவீதம். செப்டம்பரில் ஹூஸ்டன் விவாதத்துக்கு அதையே 1,30,000 பேர் என்றும், அதோடு நான்கு கணிப்பில் 2 சதவீதம் என்றும் உயர்த்திவிட்டார்கள். மேடை இல்லாவிட்டால் டிவி இல்லை, டிவி இல்லாவிட்டால் பணம் இல்லை. கிர்ஸ்டன் ஜில்லிபிராண்ட் ஆகஸ்ட் 28 அன்று விலகினார். ஹூஸ்டனுக்குத் தகுதி பெறக் கடைசி நாள் அதுதான்.

அடுத்தது, சொந்த மாநிலத்தில் அவருக்கு வேறு நாற்காலி காத்திருக்கிறதா என்பது. வாஷிங்டன் ஆளுநர் ஜே இன்ஸ்லி ஆகஸ்ட் 21 அன்று விலகி, மறுநாளே மூன்றாம் முறை ஆளுநராக நிற்கப் போவதாக அறிவித்தார். கொலராடோவின் முன்னாள் ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பருக்கும் செனட் தொகுதி தயாராக இருந்தது. அவரைத்தான் நான் முதலில் சரியாகக் கணித்தேன். அதற்குக் காரணம் மாநிலக் கண்காட்சி.

ஆகஸ்டில் நடக்கும் அந்தத் திருவிழாவில் வெண்ணெயில் செய்த முழுப் பசு ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும். வேட்பாளர்கள் குச்சியில் செருகிய பன்றி இறைச்சியைக் கடித்தபடி போட்டோவுக்கு நிற்பார்கள். ஒரு பந்தலில் ஒவ்வொரு வேட்பாளர் படத்துக்கும் ஒரு கண்ணாடி ஜாடி. பிடித்தவர் ஜாடியில் ஒரு சோளமணியைப் போடலாம். அடையாள அட்டை, விசா எதுவும் கேட்கவில்லை. அமெரிக்காவில் நான் போட்ட ஒரே ஓட்டு அதுதான். ஹிக்கன்லூப்பர் ஜாடியின் அடி நன்றாகவே தெரிந்தது. கண்காட்சி முடியும் முன்பே, ஆகஸ்ட் 15 அன்று, மனிதர் விலகிவிட்டார்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் துளசேந்திரபுரம்தான் கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். அதனால் அம்மா போனில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நம்ம ஊர்ப் பொண்ணு எப்படி இருக்கு?" ஜனவரியில் ஓக்லாந்தில் பெரும் கூட்டத்தோடு தொடங்கியவர், மயாமியில் ஜோ பைடனையே திணறவைத்தவர் என்பதால் நானும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவந்தேன். அக்டோபர் கடைசியில் தலைமை அலுவலக ஆட்களைக் குறைத்து, வேறு மாநிலங்களில் இருந்த ஆட்கள் பலரை அயோவாவுக்கு அனுப்பப்போவதாகச் செய்தி வந்ததும், பாட்லக்கில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நவம்பர் 1 அன்று பேட்டோ ஓ'ரூர்க், கட்சியின் பெரிய விருந்து நடக்கும் நாளில், டெமாயினிலேயே விலகலை அறிவித்தார். டிசம்பர் 3 அன்று ஹாரிஸ். தான் கோடீஸ்வரி அல்ல, சொந்தக் காசில் பிரசாரம் நடத்த முடியாது என்றார்.

அவருக்காக எங்கள் தெருவில் கதவு தட்டிய பெண் ஒருத்தி இருந்தாள், கலிஃபோர்னியாக்காரி. எனக்கு ஓட்டு இல்லை என்று தெரிந்தபின்னும் குளிருக்கு ஒதுங்கி வருவாள், இஞ்சி டீ கொடுப்பேன். ஹாரிஸ் விலகியபோது அவளுக்கு வேலையும் போனது. சில வாரம் கழித்து வேறொரு வேட்பாளரின் பேட்ஜைக் குத்திக்கொண்டு அதே செருப்புத்துடைப்பானில் பூட்ஸைத் தேய்த்தாள். கேட்கவில்லை, டீ போட்டேன்.

எனக்குப் பாவமாகப் பட்டவர் ஜான் டிலேனி. 2017 ஜூலையிலேயே அறிவித்து, அயோவாவின் 99 கவுன்டிகளையும், நம் ஊர்க் கணக்கில் மாவட்டங்களையும், சுற்றியவர். வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு விலகினார். இங்கத்திய வாக்களிப்புக்குக் காகஸ் என்று பெயர்; வட்டாரத்தார் ஓரிடத்தில் கூடி, வேட்பாளர்வாரியாக அணி பிரிந்து நிற்பார்கள். கூடியவர்களில் 15 சதவீதம் சேராத அணி கலைய வேண்டும் என்பது அப்போதைய விதி. தனக்கு அவ்வளவு சேராது, ஆனால் தன்னால் வேறு மிதவாதிகளுக்கு அது குறைந்துபோகலாம் என்று கணக்குப் போட்டாராம்.

காகஸ் அன்று பள்ளி ஜிம்மில் பார்வையாளராகப் போய் ஓரமாக நின்றேன். எங்கள் வட்டாரத்தில் பைடன் அணிக்கே ஆள் பற்றவில்லை. மற்ற அணிக்காரர்கள் ஓடிவந்து வயதானவர்களின் கையைப் பிடித்து இழுத்தார்கள். முடிவை அனுப்பும் செயலி சொதப்பி, முடிவு வர நாளானது, பைடன் நான்காவது. அடுத்து வாக்களித்த நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. அடுத்து போவது அவர்தான் என்று பாட்லக்கில் ஏகமனதாகச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரம்மா மட்டும், அவர் தென் கரோலினா மாநிலத்தின் வாக்களிப்பு வரை அசைய மாட்டார் என்றார். பிப்ரவரி 29 அன்று பைடன் அங்கே பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்றிரவே டாம் ஸ்டெயர், மறுநாள் பீட் புட்டிஜெஜ், அதற்கு மறுநாள் ஏமி குளோபுச்சார் என வரிசையாக விலகினார்கள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அந்த ஜிம்மில் எத்தனை கறுப்பினத்தவரைப் பார்த்தாய்? தென் கரோலினாவில் கட்சியின் ஓட்டு பெரும்பாலும் அவர்களுடையதுதான்" என்று திருப்பிக் கேட்டார்.

2024-இல் ஜனநாயகக் கட்சி தன் முதல் வாக்களிப்பைத் தென் கரோலினாவுக்கே கொடுத்துவிட்டது. எங்கள் கிரீன் கார்டு வரிசை மட்டும் நகரவில்லை. அதைப் பற்றி ஆரூடம் சொல்ல டீச்சரம்மாவும் மறுக்கிறார்.