5,630 சொற்கள் ஒரே இரவில் 2,815 ஆன கதை

ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் மற்ற நாடுகள் முறைவைத்து ஆராய்ந்து பரிந்துரை அளிப்பதே ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வு. அமைப்புகளும் அதற்கு அறிக்கை அளிக்கலாம். அதில் எங்கள் நாட்டின் முறை வந்தபோது, இணைய முடக்கம், கண்காணிப்பு, சிறுபான்மை மொழிகளுக்கு இணையச் சேவைகளில் இடமின்மை ஆகிய மூன்றையும் தகவல்தொடர்பு உரிமை என்ற ஒரே தலைப்பின்கீழ் கூட்டு அறிக்கையாகக் கொண்டுசெல்ல இரண்டு அமைப்புகள் சேர்ந்து முடிவெடுத்தோம். தரவு திரட்டலும் வரைவும் மூன்று மாதங்களில் சிக்கலின்றி முடிந்தன.

கெடுவுக்கு முந்தைய நாள் மாலை, அரசிடம் தங்கள் அமைப்பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வேளையில் இதில் பெயர் வேண்டாம் என்று கூட்டாளி அமைப்பு இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. அதை மூன்று வாரம் முன்பே சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம்தான் இன்னும் தீரவில்லை. கூட்டு அறிக்கைக்கு 5,630 சொற்கள் வரை அனுமதி உண்டு. தனி அமைப்பு அளித்தால் 2,815 மட்டுமே. எங்கள் கையில் இருந்ததோ 5,412.

தகவல்தொடர்பும் ஒரு மனித உரிமை என்று 1969இல் பிரான்சின் ழான் தார்சி முன்வைத்த கருத்து, உலகத் தகவல்தொடர்பு குறித்து யுனெஸ்கோவுக்கு அளிக்கப்பட்ட 1980இன் மக்பிரைட் அறிக்கை, 2003இல் ஜெனீவாவில் நடந்த தகவல் சமூக உச்சி மாநாடு என்று நான் ஆசையாக எழுதிவைத்த ஒன்றரைப் பக்க வரலாறு முதலில் போனது. இணையத்துக்கு வெளியே உள்ள உரிமைகள் இணையத்திலும் காக்கப்பட வேண்டும் என்ற பேரவையின் 2012ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும், வேண்டுமென்றே இணையத்தைத் துண்டிப்பதைக் கண்டித்த 2016ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் அடிக்குறிப்புக்கு இறக்கினேன். அடிக்குறிப்புகள் சொற்கணக்கில் சேரா. முந்தைய மீளாய்வுக்கும் முன்னர் நடந்த இரண்டு முடக்கங்கள் இந்தச் சுற்றுக்குரியவையே அல்ல என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று மாதமாக நால்வர் படித்த வரைவு அது!

மக்கள் பட்ட அவதியை உருக்கமாக விவரித்த ஒரு பத்தியை, தேதி, பகுதி, துண்டிப்பு நீடித்த மணிநேரம், ஆணை வெளியிடப்பட்டதா என்ற நான்கு விவரங்களாகச் சுருக்கியபோது 140 சொற்கள் 31 ஆயின. விடியற்காலையில் கணக்கு 2,809இல் நின்றது. அவசரத்தில் பிடிஎஃப் ஆக மாற்றிவிட்டு, வேர்டு கோப்பாகத்தான் தர வேண்டும் என்பது நினைவுக்கு வந்து மீண்டும் மாற்றினேன். இணையவழிக் கணக்கை ஒரு மாதம் முன்பே திறந்து வைத்திருந்ததால் பதிவேற்றம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இதில் இறங்குவோர் குறைந்தது மூன்று அமைப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று விலகினாலும் கூட்டு அறிக்கை கூட்டாகவே நிற்கும். ஒப்புதலை நிர்வாகக் குழுவின் எழுத்திலேயே, தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.

சிவில் சமூக அறிக்கைகளுக்கு ஐ.நா. தயாரிக்கும் தொகுப்புச் சுருக்கத்தில் எங்கள் அறிக்கையிலிருந்து இரண்டு வாக்கியங்கள் இடம்பெற்றன. இரண்டும் அந்த 31 சொற்களிலிருந்து வந்தவை. மொழி குறித்த பகுதி ஒரு வரிகூட வரவில்லை. பின்னர் ஒரு பக்கக் குறிப்பாகப் பன்னிரண்டு தூதரகங்களுக்கு அனுப்பியதில் மூன்று பதில் அளித்தன. ஒரு நாடு இணைய முடக்கம் பற்றிப் பரிந்துரையே வைத்தது. எங்கள் அரசு அதை ஏற்காமல், கவனத்தில் கொண்டதாக மட்டும் பதிவுசெய்தது.

அடுத்த வாரம் பழைய கூட்டாளி அமைப்பிலிருந்து ஒருவர் அழைத்து, சுருக்கத்தில் வந்த அந்த இரண்டு வாக்கியங்களைத் தங்கள் ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.