அக்கா பொண்ணுக்கு ஒரு பழைய ஜென், பெயிண்ட் எல்லாம் கடைசில

1997 மாடல் மாருதி ஜென். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பழைய காலத்து சமாச்சாரம்) வண்டி, பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏசி பேருக்கு இருக்கு. இதைப்போய் 18 வயசு பொண்ணுக்கு முதல் காரா குடுக்கறியேன்னு எங்க வீட்ல ஆரம்பிச்சு அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி வரைக்கும் கேட்டாச்சு, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே வாட்டி எழுதி வச்சிடறேன், இனிமே கேக்கறவங்களுக்கு லிங்க் அனுப்பிக்கலாம்.

அக்கா பொண்ணு அப்போ செகண்ட் பியூசி, அதாவது பன்னெண்டாவது. சின்ன வயசுலயே எங்க வீட்டுக்கு வந்தா டிவி ரிமோட்டை கழட்டிப் பாக்கற ஆளு. "மாமா, பழைய வண்டி ஒண்ணு எடுத்து நாமளே ரெடி பண்ணலாமா"ன்னு அவதான் ஆரம்பிச்சா. எங்கக்கா ஒரே போடா போட்டுச்சு, "லோன் போட்டு புதுசா ஒரு சின்ன வண்டி எடுத்தா முடிஞ்சுது, எதுக்குடா ரெண்டு பேரும் குப்பையைக் கட்டிக்கிட்டு அழறீங்க? அதுல ஏர்பேக் இருக்கா?"

இல்ல. ஏபிஎஸ்சும் (சட்டுனு பிரேக் அடிச்சா வீல் பூட்டிக்காம பாத்துக்கறது) இல்ல. இதை மழுப்பக் கூடாது. நம்ம ஊர்ல எல்லா காருக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது 2019 ஏப்ரல்ல, டிரைவர் ஏர்பேக் அதே வருஷம் ஜூலைல. அதுக்கு இருபது வருஷம் முன்னாடி வந்த வண்டிகிட்ட இதெல்லாம் எதிர்பாக்க முடியாது, இடிச்சா புது வண்டி அளவுக்கு தாங்காது. "அந்தக் காலத்து தகடு கெட்டி"ன்னு பேசறவங்களை நம்பாதீங்க, ஜென் வெயிட் குறைவா இருக்கணும்னே செஞ்ச வண்டி. அதனால அக்காகிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஊருக்குள்ள மட்டும்தான் ஓட்டணும், ஓசூர் ரோடு எலிவேட்டட், நைஸ் ரோடு, ஏர்போர்ட் ரோடுன்னு வேகமா போற ரோடு பக்கமே போகக்கூடாது, ராத்திரி கிடையாது, பெல்ட் போடாத ஃப்ரெண்டை ஏத்தக்கூடாது. நம்ம பெங்களூரு டிராஃபிக்ல காக்ஸ் டவுன்ல இருந்து காலேஜ் போறதுக்குள்ள மூணாவது கியர் விழுந்தாலே பெரிய விஷயம்ங்கறது வேற கதை. அக்கா அரை மனசா தலையாட்டுச்சு.

ஏன் ஜென்? மாருதி 800 இன்னும் மலிவு, பார்ட்ஸும் கொட்டிக் கிடக்கு, ஆனா நல்ல கண்டிஷன்ல இருக்கறதை எல்லாம் ஆசைக்கு வச்சிருக்கறவங்க விலை ஏத்திட்டாங்க. ஃபியட் யூனோ எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா ஒரு விளக்குக் கண்ணாடி உடைஞ்சா ஊரெல்லாம் தேடணும், ஸ்டூடண்ட் வண்டிக்கு அது ஆகாது. ஜென் 1993ல வந்து 2006 வரைக்கும் ஓடுச்சு, நடுவுல ஆல்டோங்கற பேர்ல யூரோப்புக்கே ஏத்துமதி ஆச்சு. 993 சிசி, நாலு சிலிண்டர், முழுக்க அலுமினியம் இன்ஜின், அஞ்சு கியர். கியர் போடறப்ப டக்னு விழும் பாருங்க, அந்த சுகம் இன்னிக்கு வர்ற சின்ன வண்டிகள்ல எனக்கு கிடைச்சதே இல்ல.

தேட ஆரம்பிச்சப்போ முதல்ல கண்ணுல பட்டது ராமமூர்த்தி நகர் பக்கம் ஒண்ணு. செவப்பு கலர், பளபளன்னு இருந்துச்சு, அவளுக்கு பாத்த உடனே பிடிச்சுப்போச்சு. நான் பாக்கெட்ல ஒரு ஃப்ரிட்ஜ் மேக்னட்டை துணில சுத்தி வச்சிருந்தேன், டோர் அடிப்பக்கம், ரன்னிங் போர்டு, பின் வீலுக்கு மேல அப்படியே ஒட்டிக்கிட்டே வந்தா பாதி இடத்துல ஒட்டவே இல்ல. உள்ள தகடே இல்ல, வெறும் பட்டி (பெயிண்டுக்கு முன்னாடி ஓட்டையை அடைக்கப் பூசற பேஸ்ட்). சொத்தைப் பல்லுக்கு மேல பவுடர் பூசின மாதிரி. நன்றி சொல்லிட்டு வந்துட்டோம். பழைய வண்டி பாக்கப் போறவங்க எல்லாரும் முதல்ல பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேக்கறாங்க, அது தப்புன்னுதான் சொல்லுவேன். ஜென் இன்ஜினை பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆள் இன்னும் இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்கான், ஆனா துரு தின்ன ஃப்ளோரை ஒழுங்கா வெட்டி எடுத்து வெல்டிங் போட்டுத் தர்ற ஆளைத் தேடிப் பாருங்க தெரியும்.

நாங்க வாங்கின வண்டி ஃப்ரேசர் டவுன்ல ஒரு பழைய அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல கவர் போட்டு நின்னுட்டிருந்துச்சு. வெள்ளைக் கலர், பேங்க்ல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு அம்மாவோடது, ஒரே ஓனர், கோவிட்டுக்கு அப்புறம் எடுக்கவே இல்லையாம். நாலு டயரும் படுத்துடுச்சு, பேட்டரி செத்துப்போச்சு, எலி வயரைக் கடிச்சிருந்துச்சு, உள்ள ஒரு மாதிரி வாடை. ஆனா மேட்டைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாத்தா டிரைவர் கால் வைக்கற இடம் கல்லு மாதிரி நின்னுச்சு. பேட்டரி தட்டுக்கு அடியிலயும் டிக்கில ஸ்டெப்னி குழியிலயும் மட்டும்தான் துரு. அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா பேப்பரைப் பாக்காம காசை எடுக்காதீங்க. பிரைவேட் காருக்கு ஆர்சி (ரெஜிஸ்ட்ரேஷன்) 15 வருஷம், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். இந்த வண்டிக்கு 2012ல, 2017ல எல்லாம் ஒழுங்கா பண்ணிருக்காங்க, 2022ல விட்டுட்டாங்க. அந்த வருஷம் ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின காருக்கு புதுப்பிக்கற ஃபீஸ் 600ல இருந்து 5,000 ஆச்சு, லேட் ஆனா மாசத்துக்கு 500 தனி. விலை பேசறப்பவே இதைக் கணக்குப் போட்டுக் கழிச்சுக்கிட்டோம், அந்த அம்மாவும் நியாயம்னு ஒத்துக்கிட்டாங்க. நாங்க பண்ணினது 2024ல, இப்போ 20 வருஷம் தாண்டின காருக்கு அதையும் 10,000 ஆக்கிட்டாங்க, பாத்துக்கோங்க. முதல்ல அவங்க பேர்லயே ஃபாரம் 25 போட்டு புதுப்பிச்சு, அப்புறம் 29, 30 போட்டு பேர் மாத்தினோம். இன்ஸ்பெக்டர் வண்டியை நேர்ல பாப்பாரு, அதனால பிரேக்கு, லைட்டு, டயர் வேலையெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டியிருந்துச்சு. டெல்லில இருக்கற என் கசின்கிட்ட சொன்னா பெருமூச்சு விடறான், அங்க பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம்தான் கணக்கு.

ஹச்எஸ்ஆர்பி, அதான் ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்டு, ஆன்லைன்ல போட்டாச்சு. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ்ல ஒரு சின்ன சந்தோஷம், 1000 சிசிக்குள்ள இருந்தா வருஷத்துக்கு 2,094 ரூபா, மேல ஜிஎஸ்டி. 7 சிசில தப்பிச்சோம்!

மெக்கானிக் அல்சூர்ல, எங்கப்பா காலத்துல இருந்து தெரிஞ்சவர், சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம், அவரை நாங்க அண்ணான்னுதான் கூப்பிடுவோம். அவர் வச்ச முதல் கண்டிஷன், "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்னு எவனும் சாவியைத் தொடக்கூடாது." வருஷக்கணக்கா டேங்க்ல கிடந்த பெட்ரோல் பழைய வார்னிஷ் மாதிரி நாறும், அடில கோந்தா படிஞ்சிருக்கும், அதை உள்ள இழுத்துட்டா கார்புரேட்டர் ஜெட்டெல்லாம் (பெட்ரோல் வர்ற பொடி ஓட்டைங்க) அடைச்சுக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர் மாத்தி, பெட்ரோல் ஹோஸ் மொத்தமும் மாத்தினோம். ஹோஸ் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 2023 பிப்ரவரில இ20 பெட்ரோலை (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஆரம்பிச்சு வச்சதே நம்ம பெங்களூருல நடந்த ஃபங்ஷன்லதான், இப்போ எந்த பங்க்ல போனாலும் அதான். 97ல செஞ்ச ரப்பருக்கு இவ்ளோ எத்தனால் பழக்கமே இல்ல, ஊறி, உப்பி, வெடிச்சு, சூடான இன்ஜின் மேல சொட்டுச்சுன்னா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. எத்தனால் தாங்கற ஹோஸ் கேட்டு வாங்கணும், கார்புரேட்டர் கிட்ல இருக்கற கேஸ்கெட்டு, ஓ ரிங்கு எல்லாம் புதுசு.

கார்புரேட்டரை பிரிச்சது முழுக்க அவதான். அண்ணா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு "அதை அழுத்தாத பாப்பா, அது பித்தளை"ன்னு மட்டும் சொல்லிட்டிருந்தாரு. ஒவ்வொரு ஸ்க்ரூ கழட்டறப்பவும் போன்ல ஃபோட்டோ, தயிர் டப்பாவுல போட்டு மேல பேரு எழுதி வரிசையா வச்சுக்கிட்டா, அந்தப் பொறுமை எனக்கு சத்தியமா கிடையாது. திருப்பி மாட்டினப்போ ஒரு பீஸ் கூட மிச்சம் இல்ல, அண்ணா அதைப் பாத்துட்டு அவர்கிட்ட வேலை கத்துக்கற பையனை ஒரு முறை முறைச்சாரு.

ஸ்பேர்ஸுக்கு ஜேசி ரோடு. வண்டில போனா பார்க்கிங் தேடியே உயிர் போயிடும், மெட்ரோல போய் மார்க்கெட்ல இறங்கி நடந்துடுங்க. கவுண்டர்ல இருந்தவரு "மேடமுக்கு என்ன வேணும்"னு என்னைப் பாத்துக் கேட்டாரு. அவ லிஸ்டைப் பாக்காமலே பின் வீல் சிலிண்டர், பிரேக் ஷூ, முன்னாடி பேடு, மாஸ்டர் சிலிண்டர் கிட்டு, லோயர் ஆர்ம் புஷ், ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட்டுன்னு ஒப்பிச்சா, அதுக்கப்புறம் அந்தாளு என்கிட்ட பேசவே இல்ல. ஒரே பார்ட்டுக்கு மூணு விலை சொல்லுவாங்க, ஒரிஜினல், கம்பெனி ஐட்டம், அப்புறம் சும்மா அட்டைப்பெட்டில வர்றது. டோர் ஹேண்டில், நாப், கண்ணாடின்னா மூணாவதை வாங்குங்க பரவால்ல. பிரேக்குக்கும் பெட்ரோலுக்கும் கூலண்டுக்கும் வேணாம். அலுமினியம் இன்ஜின் ஒரு தடவை நல்லா சூடேறிட்டா ஹெட்டு வளைஞ்சுடும், 200 ரூபா மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜினையே இறக்க வேண்டி வரும்.

டயர்ல பட்டன் (ரோட்டைப் பிடிக்கற வெட்டு) நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஓரத்துல இருந்த நாலு நம்பர் 1815. 2015ல பதினெட்டாவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், ரப்பர் பிஸ்கட் மாதிரி காஞ்சு போச்சு. அஞ்சும் புதுசு, ஸ்டெப்னியும் சேத்து. சஸ்பென்ஷன் வேலை பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, காசு போச்சு, குழில சத்தம் நின்னுச்சு. ஹெட்லைட்டுக்கு ரிலே வச்சு வயரிங் பண்ணினோம், கரண்டு பூரா அந்தப் பழைய சுவிட்ச் வழியா சுத்தி வராம நேரா பேட்டரில இருந்து போறதால அதே பல்புலயே வெளிச்சம் நல்லா தெரியுது. முன்னாடி ரெண்டு பெல்ட்டும் புதுசு, பின்னாடி பெல்ட்டே இல்லாம இருந்துச்சு, அதுக்கும் ஆங்கரை (பெல்ட்டை பாடில முடுக்கற இடம்) பாத்து போட்டாச்சு. மீட்டர் கன்சோல் கண்ணாடியும் இடதுபக்க டெயில் லேம்ப்பும் சிவாஜிநகர் குஜ்ரில (பழைய சாமான் மார்க்கெட்) கிடைச்சுது, பேரம் பேசினது அவ, உருதுல. எங்க கத்துக்கிட்டான்னு தெரியல.

இவ்ளோக்கும் அப்புறம்தான் பெயிண்ட். அவளுக்கு மேட் பிளாக் அடிச்சு கண்ணாடிக்கு கறுப்பு ஃபிலிம் ஒட்டணும்னு ஆசை. கலர் மாத்தினா ஆர்சில மாத்தணும், ஃபிலிமுக்கு 2012லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டாச்சு, தவிர 45 டிகிரி வெயில்ல நின்னாதானே ஃபிலிமு, நம்ம ஊர்ல என்னத்துக்கு? வெள்ளையே இருக்கட்டும்னு விட்டுட்டோம். பேட்டரி தட்டு, ஸ்டெப்னி குழி ரெண்டும் வெட்டி எடுத்து புதுத் தகடு வெல்டிங், அடியில அண்டர்கோட்டிங், பானட்டுக்கும் ரெண்டு டோருக்கும் மட்டும் பெயிண்ட். மியூசிக் சிஸ்டம் அவ சொந்தக் காசுல. மொத்த செலவு வண்டி விலையை விட ரெண்டு மடங்குக்கு மேல போச்சு, வித்தா அதுல பாதி கூட வராது, இதுல லாபம் பாக்க நினைக்கறவங்க இறங்கவே வேணாம்.

எமிஷன் டெஸ்ட்ல இந்த வயசு வண்டிக்கு ஐடிலிங்ல (ஆக்ஸிலேட்டர் அழுத்தாம இன்ஜின் சும்மா ஓடறப்போ) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும், அண்ணா ஸ்க்ரூவை காதாலயே கேட்டு செட் பண்ணினாரு, பாஸ்.

வேலை முடிஞ்சப்போ அவளுக்கு 18 ஆக இன்னும் கொஞ்ச நாள் பாக்கி. "தெருவுக்குள்ள ஒரு ரவுண்டு மாமா, ஒண்ணே ஒண்ணு." கேட்டுக்கிட்டே இருந்தா. முடியாதுன்னுட்டேன். 18க்கு கீழ ஓட்டி மாட்டினா கார்டியனுக்கோ ஓனருக்கோ 25,000 ரூபா ஃபைன், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி ஆர்சி 12 மாசத்துக்கு கேன்சல், ஓட்டின பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. இங்க பசங்க பிறந்தநாளுக்கு முன்னாடியே சாவி குடுக்கற பெத்தவங்க எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல. எல்எல் (லேர்னர் லைசென்ஸ்) எடுத்து, 30 நாள் கழிச்சு டெஸ்ட், எல்லாம் முறைப்படி.

கத்துக்கறதுக்கு இந்த வண்டி மாதிரி வராதுங்க. சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணணும், சூடாகற வரைக்கும் ஆக்ஸிலேட்டரை காலால பேலன்ஸ் பண்ணணும், மேட்டுல ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கணும், நிக்கற வண்டில ஸ்டியரிங்கை திருப்பினா தோள் வலிக்கும்ங்கறதால உருள விட்டு திருப்பற பழக்கம் தானா வந்துடுது. ஏபிஎஸ் இல்லாததால முன்னாடி வண்டிக்கு இடைவெளி விட்டுத்தான் ஓட்டறா, பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிச்சாலும் கண்டுக்கறதில்ல. இந்தப் பழக்கமெல்லாம் புது வண்டிக்கு மாறினாலும் கூட வரும். மாறத்தான் வேணும், படிப்பு முடிச்சு ஹைவேல போக ஆரம்பிக்கறப்போ ஏர்பேக் வச்ச வண்டிதான், அதுல அக்கா பக்கம்தான் நானும்.

இப்போதைக்கு பாக்கி ரெண்டு. ஏசி கம்ப்ரசர் ஆன் பண்ணினா ஐடிலிங்ல வண்டி இறங்கி நின்னுடுது, அண்ணா பாக்கறேன்னு சொல்லிருக்காரு. இன்னொண்ணு பின் சீட் சைடு கண்ணாடி பீடிங் (ஓரத்து ரப்பர்), மழை பெஞ்சா ஒரு ஓரமா தண்ணி கசியுது, ஜேசி ரோட்ல கிடைக்கறதெல்லாம் அளவு சரியில்ல, குஜ்ரில கிடைக்கறது இதைவிட காஞ்சு கிடக்கு. ஓசூர், கேஜிஎஃப், சேலம் பக்கம் யாராவது ஜென்னை ஸ்கிராப்புக்கு போடறதா இருந்தா அந்த பீடிங்கை மட்டும் வெட்டாம கழட்டி வையுங்க, நான் வந்து வாங்கிக்கறேன்.