அவன் அனுப்பினான், அவள் மூடினாள்

"தப்பா மெசேஜ் அனுப்பினது அவன். என் கணக்கை நான் ஏன் மிஸ் மூடணும்?"

ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டது. சிலம்பம் சுற்றுவதை இன்ஸ்டாகிராமில் போட்டு வந்தாள். முகம் தெரியாத ஒருவன் அசிங்கமாக எழுத ஆரம்பித்ததும் நேராக என்னிடம்தான் வந்து காட்டினாள். தலைமையாசிரியரும் நானும் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னோம். போன் வழியாகத் தொல்லை கொடுத்தாலும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பாயும். தெரிந்தும் மறைத்தால் அதுவும் குற்றம்.

அவள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பேரு கெட்டுரும் டீச்சர். அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திருவாரு" என்று அழுதார். நானும் பயந்தது அதற்குத்தான். கணக்கு போனால் போகட்டும், படிப்பு தப்பட்டும் என்று நினைத்து, கணக்கை மூடச் சொன்னேன். தப்பியது. இன்றைக்கும் பள்ளிக்கு வருகிறாள். அதனால் நான் செய்தது சரிதான்.

ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லையே. இன்ஸ்டாகிராம் விதிப்படி 13 வயது ஆனால் போதும், அவளுக்கு ஆகிவிட்டது. மறைக்காமல் பெரியவர்களிடம் வந்து சொன்னாள். நாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தானே? அடுத்து ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தால், அவள் வந்து சொல்வாளா?

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்கு, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை கிடையாது. இது எனக்குப் பிடித்திருந்தது, சுமையைச் சரியான தோளில் வைத்திருக்கிறார்கள். நம்முடைய 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது வரை பெற்றோர் சம்மதம் கேட்கிறது. இந்த அம்மாவின் போனுக்கு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்ததே மகள்தான். யாருடைய சம்மதத்தை யார் வாங்குவது?

16 வரை வேண்டாம் என்ற கட்சியில்தான் நானும் இருக்கிறேன். அப்படி ஒரு சட்டம் இங்கே இருந்திருந்தால் நானோ அவள் அம்மாவோ சொல்ல வேண்டி இருந்திருக்காது, எல்லாருக்கும் ஒரே விதி. அவளைத் தனியாக நிறுத்தி மூடச் சொன்னதுதான் உறுத்துகிறது. ஆனாலும் அந்தச் சட்டத்திலும் முதலில் போவது அவளுடைய சிலம்ப வீடியோதான். எழுதினவன் பெரியவன், அவன் கணக்கை எந்த வயது வரம்பும் தொடாது.