படைப்பதற்கு முன் எடுத்து வைத்த குழம்பு

சிங்கப்பூரில் நகைச்சுவை எழுதுகிறவர்கள் பொதுவாக இரண்டு விஷயங்களைத் தொடமாட்டார்கள். ஒன்று மதம், இன்னொன்று இனம். எங்களுக்கு வந்த வேலையில் இரண்டுமே இருந்தன. தமிழ்ப் பையன், மலாய்ப் பெண், காதல், கல்யாணத்துக்காக மதமாற்றம். அதுவும் சிரிப்புப் படம். எழுத உட்கார்ந்தவர்கள் மூன்று பேர்: நான், தொலைக்காட்சி நாடகம் எழுதிக் கை பழகிய ஒரு நண்பர், மலாயில் நாடகம் எழுதும் ஒரு பெண்மணி. அவர் எங்கள் இருவரைவிடவும் மூத்தவர் என்பதால் எங்களுக்கு அக்கா.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 1950 டிசம்பரில் மரியா ஹெர்தோ வழக்கு இந்த ஊரைக் கலவரத்தில் தள்ளியது. கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்து முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த சிறுமி யாரிடம் இருக்க வேண்டும், அவளுக்கு நடந்த கல்யாணம் செல்லுமா என்ற கேள்வி நீதிமன்றத்திலிருந்து தெருவுக்கு வந்து 18 உயிர்களைக் கொண்டுபோனது. 1990-இல் மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. ஆகவே மதமாற்றம், கல்யாணம் இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்ததும் கதை படிக்கிறவருக்குச் சிரிப்பு வராது. இதை யாரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது என்ற கவலைதான் வரும்.

முதல் கூட்டத்தில் வந்து விழுந்த ஜோக்குகளை நீங்களே ஊகித்துவிடலாம். சுன்னத் ஜோக், பன்றி இறைச்சி ஜோக், பெயர் மாற்றுகிற ஜோக். எந்தக் கோப்பிக்கடையிலும் கிடைக்கிற சரக்கு. அவற்றைத் தள்ளி வைத்ததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. எல்லாவற்றிலும் அடி வாங்குகிறவன் ஒரே ஆள், மதம் மாறுகிற பையன். அவன் எதை நம்பிப் போகிறானோ அதற்கும் சேர்த்து அடி விழுகிறது. இடைவேளை வரை இப்படிக் கிண்டல் பண்ணிவிட்டு, கடைசியில் அவன் காதல் உண்மையானது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கதைக்கு ஒரு கெடு வேண்டுமே, அதை அரசாங்க வீடுகள் கட்டும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கொடுத்தது. இங்கே காதலர்கள் கல்யாணம் ஆகுமுன்பே பிடிஓ வீட்டுக்கு, அதாவது பதிவு செய்த பிறகு கட்டித் தரும் வீட்டுக்கு, விண்ணப்பிக்கலாம். சாவி வாங்கிய 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். எங்கள் சரவணனும் நூரும் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்துவிட்டார்கள். கட்டி முடிக்க எப்படியும் சில வருஷம் ஆகும், அதற்குள் அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம் என்பது பையனின் திட்டம். படம் தொடங்கும்போது சாவி வாங்க வரச்சொல்லிக் கடிதம் வந்துவிடுகிறது. அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. வில்லனே இல்லாமல் ஓட்டம் பிடிக்கிற கதை இதனால்தான் கிடைத்தது.

அப்புறம் பெரிய சிக்கல் ஒன்று வந்தது. அவன் ஏன் மாற வேண்டும்? முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் மாதர் சாசனம் என்ற சட்டத்தின் கீழ் சாதாரணப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள இங்கே சட்டம் தடுக்கவில்லை. இருவருமே முஸ்லிம் என்றால்தான் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம், முஸ்லிம் திருமணப் பதிவகம் எல்லாம். “அரசாங்கம் கட்டாயப்படுத்துது” என்று ஒரு வசனம் வைத்துத் தப்பித்துவிட முடியாது. வேறு காரணம் தேடினோம். நூரின் ஆசை, தன் அப்பா ‘வலி’யாக, அதாவது மணப்பெண்ணின் பொறுப்பாளராக, உட்கார்ந்து நிக்காஹ் நடத்தி வைக்க வேண்டும் என்பது. சரி, அது அவளுடைய காரணம். பையனுக்கு என்ன காரணம்?

அதற்குத்தான் வகுப்புக் காட்சி. இஸ்லாத்துக்கு வர நினைப்பவர்களுக்கு ஓனன் ரோட்டில் இருக்கும் டாருல் அர்க்காம் என்ற சங்கம் அடிப்படை வகுப்புகள் நடத்துகிறது. எங்கள் திரைக்கதையிலும் அப்படியொரு வகுப்பு. இளசுகள் நிறைய பேர், பக்கத்தில் அவரவர் வருங்காலத் துணை. நடுவில் தனியாக ஒரு சீனப் பாட்டி. இடைவேளையில் சரவணனிடம் கேட்கிறார், “நீ யாருக்காக வந்தே?” அவன் பெருமையாக நூரைக் காட்டுகிறான். “நீங்க?” என்று இவன் திருப்பிக் கேட்க, “எனக்காக” என்று சொல்லிவிட்டு அவர் கறிபாப்பைக் கடிக்கிறார். அந்த ஒரு பதில் அவனைப் படம் முழுக்கக் குடைந்துகொண்டே இருக்கிறது. மற்ற மாணவர்கள் எல்லாரையும் சிரிப்புக்காக எழுதினோம். பாட்டியைப் பார்த்துச் சிரிக்க மட்டும் இடம் வைக்கவில்லை.

ஆனால் படத்தின் உயிர் வகுப்பில் இல்லை. இரண்டு அம்மாக்களிடம் இருக்கிறது. காதலர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். இன்றைய பிள்ளைகள் வேறெப்படிப் பேசுவார்கள்? சரவணனின் அம்மாவோ செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் மலாய்ப் பிள்ளைகளோடு பாண்டி ஆடி வளர்ந்தவர். பாசார் மலாய், அதாவது சந்தையில் புழங்கும் மலாய், அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரு குடும்பமும் முதன்முதலாகச் சந்திக்கும் காட்சியில் பிள்ளைகள் பயந்து போய் மொழிபெயர்க்கத் தயாராக உட்கார்ந்திருக்க, அம்மாக்கள் இருவரும் நேராகப் பேச ஆரம்பித்து, பழைய கம்பத்து (கிராமத்து) நாட்களைப் பற்றிச் சிரித்து, பத்தே நிமிடத்தில் சண்டையும் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு எதை மொழிபெயர்ப்பது என்றே தெரியவில்லை. அந்தக் காட்சியை அக்கா ஒரே மூச்சில் எழுதினார். மலாய் வசனத்தில் தமிழ் அம்மாவின் இலக்கணப் பிழைகளை எங்கெங்கே வைக்க வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி.

இடையில் அக்கா சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தெம்பு கொடுத்தது. பாலஸ்தியரில் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்கள் எடுத்த காலத்தில், அவற்றை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. எஸ். ராஜான்ஸ், மதராஸில் பிறந்த எல். கிருஷ்ணன் என்று வரிசையாகச் சொன்னார். “என் பாட்டி அழுத படமெல்லாம் உங்க ஊர் ஆள் எடுத்ததுதான்” என்றார். இந்தக் கலப்பை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

இனி சமையலறை. சாப்பாட்டை வைத்துத்தான் கதை திரும்பும் என்று ஆரம்பத்திலிருந்தே தெரியும், எப்படி என்று தெரியவில்லை. முதலில் எழுதியது இது. வீட்டில் இனி ஹலால் மட்டும்தான் என்று பையன் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏன்டா, நீ பொறந்ததுலேர்ந்து தேக்காவுல பாய் கடையிலதானே கறி வாங்குறேன்? இத்தனை வருஷமா நீ என்ன தின்னேன்னு நினைச்சே?” என்கிறார். உண்மைதான். தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி விற்பவர்களில் பெரும்பாலோர் இந்திய முஸ்லிம்கள். நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறி பலருக்கும் அங்கிருந்துதான் வருகிறது. வாசித்துப் பார்த்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும், “கறி சரி. சட்டி? கரண்டி? அப்புறம், சாமிக்கு வைக்கிறீங்களே, அது?” என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் கதை மாட்டியது. சரவணனின் அப்பா இறந்துபோனவர். வருஷா வருஷம் நினைவு நாளில் அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறிக் குழம்பு, முட்டை, ஒரு பாட்டில் பீர் எல்லாம் வைத்துப் படையல். மதம் மாறிய மகன் அந்த இலையிலிருந்து எடுத்துச் சாப்பிட மாட்டான். படைத்த சாப்பாடு அவனுக்கு ஆகாது. படைக்கும் முன் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். குழம்பில் உப்புக்கூடப் பார்க்க மாட்டார். இரண்டு பக்கமும் கதவு சாத்தியாயிற்று. மூன்று பேரும் அன்று வேறெதுவும் எழுதாமல் கலைந்தோம்.

இப்போது திரைக்கதையில் இருப்பது இதுதான். விடிகாலை. அடுப்பில் முஸ்தஃபா கடையில் வாங்கிய புதுச் சட்டி, கைப்பிடியில் விலை ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை. அம்மா குழம்பை இறக்குகிறார். கூடத்தில் இலை போட்டாகிவிட்டது, புகைப்படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. அம்மா கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். மூடி போட்ட டப்பாவில் முதல் கரண்டிக் குழம்பை ஊற்றி, நல்ல துண்டாகப் பார்த்து நான்கு போட்டு, மூடி, அரிசி வாளிக்குப் பின்னால் வைக்கிறார். அதற்குப் பிறகுதான் படையலுக்கு எடுத்துக்கொண்டு வருகிறார். புகைப்படம் அவரையே பார்க்கிறது. “முறைக்காதீங்க. பையன் வேலை முடிஞ்சு பசியோட வருவான். உங்களுக்குத்தான் பீரு இருக்குல்ல.”

இதை எழுதிய பிறகுதான் முந்தைய பக்கங்களை எப்படித் திருத்த வேண்டும் என்று பிடிபட்டது. மதம் மாறுகிறவன் ஒரு தடவை கலிமா சொல்லி மாறிவிடுகிறான். மாறாத அம்மாதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கிறார், அதுவும் தன் சாமிக்கும் புருஷனுக்கும் தெரியாமல். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. இந்தச் சிரிப்பில் எந்த மதத்துக்கும் அடி விழுவதில்லை. அதன்பின் காட்சிகளை எல்லாம் ஒரே அளவுகோலால் அளந்தோம்: இதில் மாறாதவர் யார், அவர் என்ன செய்கிறார்? பதில் இல்லாத காட்சிகளை எடுத்துவிட்டோம். நிக்காஹ் காட்சியிலும் அப்படித்தான். மாப்பிள்ளை ஒரே மூச்சில் ஒப்புதல் சொல்லத் திணறுவது எல்லா மலாய்க் கல்யாணத்திலும் பார்த்த வேடிக்கை. எங்கள் படத்தில் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அம்மா, பட்டுச்சேலையோடு பின்வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் ‘சா’ (மலாயில் ‘செல்லும்’) என்றதும் மகனுக்கு முன்னால் இவர்தான் பெருமூச்சு விடுகிறார்.

டப்பா காட்சியில் அம்மா அழ வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டார். முடியாது என்று மூன்று பேரும் சேர்ந்தே சொன்னோம். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கும் அம்மாக்கள் நம் நாடகங்களில் போதுமான அளவு இருக்கிறார்கள். இவர் திருடுகிற அம்மா, அவசரத்தில் இருக்கிறார். அழ நேரமில்லை.

படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பணமும் முழுசாகச் சேரவில்லை. நாயகன் வேடத்துக்குத் தேடுகிறோம். கதை கேட்ட பையன்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்கள் போனவர்கள்தான். அம்மா வேடத்தை மட்டும், நாங்கள் யாரிடமும் கேட்பதற்கு முன்பே, தனக்குத்தான் தர வேண்டும் என்று மூத்த நடிகைகள் சிலர் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவர் மலாய்க்காரர். தமிழ் கற்றுக்கொள்கிறேன் என்கிறார்.