பொறுப்பதிகாரியாக வந்த எங்கள் அண்ணா

மலர்க்குழுவினர் பழைய மாணவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னதும் எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. பெயர் போடவில்லை, அவருக்கு அது பிடிக்காது. கூடப் படித்தவர்களுக்கு இரண்டு வரியிலேயே ஆள் பிடிபட்டுவிடும்.

அவர் மாணவர் தலைவராக இருந்தபோது நான் சின்ன வகுப்பு. பிறகு பொலிஸில் சேர்ந்து போய் நின்றால், அந்த நிலையத்துக்கு அவரே பொறுப்பதிகாரி! நாலு பேர் முன்னால் 'சேர்', தனியே இருந்தால் 'அண்ணா'. அவருக்கு நான் 'தம்பி', கோபம் வந்தால் மட்டும் என் இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்.

வேலை பழகியது அவரிடம்தான், அதிலும் இரவுக் கடமையில். குடித்துவிட்டு விழுந்து கிடந்தார் என்று ஒருவரைக் கொண்டுவந்து அடைத்தால், கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போக விடமாட்டார். உள்ளே போ, தட்டி எழுப்பு, பெயரைக் கேள், வாய் திறந்து பதில் சொல்கிறாரா பார், வாந்தி எடுத்தாலும் மூச்சு அடைக்காதபடி பக்கவாட்டில் படுக்க வை, நேரத்தை எழுது, கொஞ்ச நேரத்தில் திரும்பப் போ. குறட்டை விட்டால் நல்ல நித்திரை என்றுதானே நினைப்போம்? தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிகிறவரும் அப்படித்தான் வாய் குழறுவார், அப்படித்தான் குறட்டை விடுவார், மேலே குடிமணம் வேறு அடித்தால் யாருக்குச் சந்தேகம் வரும். எழுப்பியும் எழும்பாதவரை நித்திரை என்று அவர் ஒத்துக்கொண்டதே இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான். நடுச்சாமத்தில் வீட்டு உடுப்போடு வந்து பதிவேட்டைப் புரட்டுவார், பிறகு தானே உள்ளே போய் ஒருமுறை எழுப்பிப் பார்ப்பார். எங்களை நம்பாமல் செய்கிறார் என்று சிலருக்குக் கடுப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரத்தம் பட்ட சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்து பரிசோதனைக்கு உதவாமல் போகும் என்று, காகிதம் விரித்துக் காயவைத்து, அறையைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு திரிந்ததும் இவர்தான்.

மரணச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லவே விடமாட்டார். இரண்டு பேராகப் போய், யாருடைய வீடு, என்ன உறவு என்று உறுதிப்படுத்தி, உட்கார வைத்து, 'இறந்துவிட்டார்' என்று நேராகச் சொல்ல வேண்டும். 'கொஞ்சம் கடுமை' என்று இழுத்தால் அந்தச் சனம் உயிரோடு பார்க்கலாம் என்று ஓடும், அது இன்னும் கொடுமை என்பார்.

இனிமையான மனிதர் என்று பொய் சொல்ல மாட்டேன், வாய் சுடும். அவருடைய கையெழுத்தும் வாசிக்கக் கஷ்டம். பாடசாலைக் காலத்தில் தன் பந்துவீச்சு எப்படி இருந்தது என்று அவர் சொன்ன கதைகளில் பாதியைத்தான் நம்பினேன், மீதியை அவரோடு விளையாடியவர்கள் யாராவது அடுத்த மலரில் எழுதுங்கள்.